வாசகர் கேள்வி – பதில்: பேரவையில் கருணாநிதி

மு.கருணாநிதியின் சட்டமன்ற வாழ்க்கையைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் போட்டிருக்கிறோம். திரைக்கதை, இலக்கியம், குடும்ப அரசியல் பற்றிய கேள்விகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம்.

1957 முதல் 2018 வரை 61 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, சரிதானா?
– வாசகர், மன்னார்குடி

இடைவெளி உண்டு. 13 முறை நின்றார், 13 முறையும் ஜெயித்தார். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. குளித்தலை (1957), தஞ்சாவூர் (1962), சைதாப்பேட்டை (1967, 1971), அண்ணா நகர் (1977, 1980), துறைமுகம் (1989, 1991), சேப்பாக்கம் (1996, 2001, 2006), திருவாரூர் (2011, 2016).

ஆனால் 1976 ஜனவரி 31-ல் அவர் ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு 1977 ஜூன் வரை பேரவையே கிடையாது. 1983 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக க.அன்பழகனும் அவரும் எம்.எல்.ஏ. பதவியை விட்டு விலகினார்கள். 1984 டிசம்பர் தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் அவர் மேலவை (சட்டமன்றத்தின் இரண்டாவது அவை) உறுப்பினர். அந்த மேலவையும் 1986 நவம்பர் 1-ல் ஒழிக்கப்பட்டது. மறுபடி உள்ளே வந்தது 1989 ஜனவரியில். இரண்டே ஆண்டில், 1991 ஜனவரி 30-ல், ஆட்சி மறுபடியும் கலைப்பு. அதற்குப் பின் ராஜீவ் காந்தி கொலை, அடுத்து வந்த தேர்தலில் தி.மு.க. துடைத்தெறியப்பட்டது. துறைமுகத்தில் அவர் 890 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். தோல்விக்குப் பொறுப்பேற்று அந்த இடத்தையும் ராஜினாமா செய்தார். 1996 வரை வெளியேதான்.

மேலவையில் இருந்த காலத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், அந்த 61 ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் எந்த அவையிலும் இல்லை. இதைச் சொல்வதால் சாதனை குறைந்துவிடாது. இரண்டு முறை தானாகப் பதவியை விட்டவர், இரண்டு முறை ஆட்சிக் கலைப்பைச் சந்தித்தவர், அத்தனைக்கும் பிறகு நின்ற இடத்திலெல்லாம் ஜெயித்தார் என்பதுதான் பெரிய விஷயம்.

ஒரே தொகுதியில் நிற்காமல் ஏன் ஊர் ஊராக மாறினார்? தோல்வி பயமா?
– வாசகர், குளித்தலை

பயம் என்று எதிராளிகள் சொல்வார்கள், கணக்கு என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். வாக்கு வித்தியாசங்களைப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

1957-ல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது கட்சிக்கு அங்கீகாரம் இல்லை. வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே கணக்கில் வந்தார்கள். உங்கள் குளித்தலையில் அவர் 8,296 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1962-ல் தஞ்சாவூர். எதிரே காங்கிரசின் பரிசுத்த நாடார், செல்வாக்கும் செல்வமும் உள்ளவர். அதில் 1,928 வாக்கில் கரையேறினார். அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றுப்போனார் என்பதை நினைத்தால் அந்த 1,928-ன் மதிப்பு தெரியும். கட்சி 50 இடங்களுடன் பிரதான எதிர்க்கட்சியானது. நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், கருணாநிதி துணைத் தலைவர்.

1967-லிருந்து 2006 வரை நின்ற ஒன்பது தேர்தலும் சென்னைக்குள்தான். முதல்வர் வேட்பாளராக மாநிலம் முழுக்கச் சுற்ற வேண்டியவருக்கு, கட்சி அலுவலகமும் வீடும் இருக்கிற ஊரில் தொகுதி இருப்பது வசதி. வட்டச் செயலாளர்கள் கையில் வேலையை விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் சென்னை வாக்காளர் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. 1980 ஜனவரியில் தி.மு.க. – காங்கிரஸ் அணி 39 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ அள்ளியது. நான்கைந்து மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். திரும்பி வந்தார். அண்ணா நகரில் எச்.வி.ஹண்டேயிடம் கருணாநிதி ஜெயித்தது 699 வாக்கில். அவர் வாழ்க்கையிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அது. அடுத்த முறை அவர் நின்றது துறைமுகத்தில். அங்கே 890 என்று வந்ததும் சேப்பாக்கம். வரிசையாகப் பார்த்தால் காரணம் புரியும்.

திருவாரூருக்கு மட்டும் வேறு கதை. சிறு வயதில் படித்து, அரசியல் பழகிய ஊரில் 87-வது வயதில்தான் நின்றார். பலர் இதை ஏதோ கடைசிக்கால ஊர்ப்பாசம் என்று எழுதினார்கள். நடைமுறைக் காரணம் என்னவென்றால், தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு திருவாரூர் தனித்தொகுதி, அவர் நிற்கவே முடியாது. 2008 மறுசீரமைப்பில் அது பொதுத்தொகுதியானது. அதே மறுசீரமைப்பில் பழைய சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியோடு சேர்ந்து உருமாறிவிட்டது. 2011-ல் கட்சி 23 இடங்களோடு சுருண்டபோதும் திருவாரூர் 50,249 வித்தியாசம் கொடுத்தது. 2016-ல் 68,366, மாநிலத்திலேயே அதிகம்.

அவருடைய கன்னிப்பேச்சு எதைப் பற்றி?
– வாசகர், லாலாபேட்டை

உங்கள் பக்கத்து நங்கவரம் பற்றித்தான். நங்கவரம் பண்ணையில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்களை மாட்டேறு வாரம், கையேறு வாரம் என்று பிரித்துவைத்து, மாடும் ஏரும் இல்லாமல் கைப்பாடு படுகிறவருக்குச் சாகுபடி உரிமை இல்லை என்று பண்ணை தரப்பு வாதிட்டது. புதிதாக வந்த உறுப்பினர் பொதுவாக ஆளுநர் உரைக்கு நன்றி சொல்லி, தொகுதிக்குச் சாலையும் பாலமும் கேட்டு உட்காருவார். இவர் ஒரு குறிப்பிட்ட நில வழக்கை எடுத்து அவைக்குள் கொண்டுவந்தார். பிறகு பல்லாண்டு அவர் பேச்சில் தொடர்ந்த பழக்கம் அது: ஒரு ஊர், ஒரு தேதி, ஒரு அரசாணை எண் இல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

சபாநாயகரையே நீக்க முடியுமா? 1972-ல் மதியழகனை நீக்கினார்களாமே?
– வாசகி, விருதுநகர்

முடியும், ஆனால் சுலபமில்லை. அரசியல் சட்டம் 179-வது பிரிவின்படி நீக்கல் தீர்மானத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. அன்றைய தேதியில் உள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 234 பேரும் பதவியில் இருந்தால் 118 ஓட்டு. அந்தத் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது சபாநாயகர் அவையில் இருக்கலாம், பேசலாம், சாதாரண உறுப்பினராக ஓட்டும் போடலாம். ஆனால் தலைமை தாங்கக் கூடாது (181-வது பிரிவு). சமநிலை வந்தால் தீர்மானிக்கும் ஓட்டும் அவருக்குக் கிடையாது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டு அ.தி.மு.க. பிறந்தது. சபாநாயகர் கே.ஏ.மதியழகன் ஆளுங்கட்சியோடு முரண்பட்டு நின்றார். நவம்பரில் கூடிய அவையில், அரசு மக்களிடம் போக வேண்டும் என்ற தொனியில் பேசிவிட்டு டிசம்பர் 5 வரை அவையை ஒத்திவைத்தார். இங்கேதான் கருணாநிதிக்கு விதிப் புத்தகம் எவ்வளவு அத்துப்படி என்று தெரிகிறது. அவையை ஒத்திவைப்பது சபாநாயகர் கையில் இருக்கிறது. ஆனால் கூட்டத்தொடரை முடித்துவைப்பதும் புதிதாகக் கூட்டுவதும் ஆளுநர் கையில். ஆளுநர் நடப்பதோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி. ஆகவே அமைச்சரவை ஆளுநர் வழியாகப் போய், சபாநாயகர் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முன்பே, டிசம்பர் 2-ல் அவையைக் கூட்ட வைத்தது. துணை சபாநாயகர் பெ.சீனிவாசன், 1967-ல் உங்கள் ஊரில் காமராஜரைத் தோற்கடித்தவர், தலைமை ஏற்க, மதியழகனும் விட்டுக்கொடுக்காமல் அவையை நடத்தப் பார்க்க, ஒரே மன்றத்தில் இரண்டு தலைமை என்ற கூத்து நடந்தது. தீர்மானம் நிறைவேறியது, மதியழகன் பதவி இழந்தார். பின்னர் புலவர் கே.கோவிந்தன் சபாநாயகரானார்.

சட்டப்படி சரி. அழகாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அந்த டிசம்பருக்குப் பிறகு கோட்டையில் ஆளுங்கட்சிக்கும் அ.தி.மு.க.வுக்கும் இடையே சுமுகம் என்பதே அரிதாகிப்போனது.

2006-ல் வெறும் 96 இடத்தை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு ஓட்டியது எப்படி? கூட்டணி மந்திரிசபைகூட இல்லையே!
– வாசகர், பெரம்பலூர்

'மைனாரிட்டி தி.மு.க. அரசு' என்று ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை எழுதியது ஞாபகம் இருக்கும். எண்களை வைத்துப் பார்ப்போம். தேவை 118. தி.மு.க. 96, காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்தியக் கம்யூனிஸ்ட் 6. கூட்டினால் 163. எதிரே அ.தி.மு.க. 61.

இதில் கவனிக்க வேண்டியது 96 + 34 = 130 என்ற ஒரு கூட்டல்தான். பா.ம.க. போனாலும் ஆட்சி நிற்கும். இடதுசாரிகள் போனாலும் நிற்கும். இருவரும் சேர்ந்து போனாலும் நிற்கும். நடந்ததும் அதுதான். 2009 மக்களவைத் தேர்தலுக்குள் மூன்று கட்சிகளும் எதிரணிக்குப் போய்விட்டன, அரசுக்கு ஒன்றும் ஆகவில்லை. காங்கிரஸ் ஒன்று போனால்தான் ஆபத்து. அந்தக் காங்கிரசோ டெல்லியில் தி.மு.க.வின் 16 எம்.பி.க்களை நம்பியிருந்தது. 2009-க்குப் பிறகு அது 18. இங்கே ஆதரவை இழுத்தால் அங்கே நாற்காலி ஆடும். ஆட்சியில் பங்கு வேண்டும் என்று உள்ளூர்க் காங்கிரசார் அவ்வப்போது குரல் கொடுத்தார்கள். கருணாநிதி பாராட்டினார், விருந்து வைத்தார், இலாகா மட்டும் கொடுக்கவில்லை.

இடைத்தேர்தல்களில் தி.மு.க.வின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. 2009 ஜனவரி திருமங்கலம் அதில் ஒன்று. அங்கே ஓட்டுக்குப் பணம் பாய்ந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்து, 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஆட்சிக் கணக்கில் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2001-ல் கருணாநிதி ஏன் எதிர்க்கட்சித் தலைவர் ஆகவில்லை?
– வாசகர், ஆரணி

கட்சிக்குத் தகுதி இருந்தது. அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 இடம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. தி.மு.க.வுக்கு 31. அவர் அந்த நாற்காலியை அன்பழகனுக்குக் கொடுத்தார். தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். 2011-ல் 23 இடம்தான், அந்தப் பதவி 29 இடம் பெற்ற தே.மு.தி.க.வின் விஜயகாந்துக்குப் போனது. 2016-ல் மு.க.ஸ்டாலின். ஆக, முழு வேலையாக எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அவர் பார்த்தது 1977 முதல் 1983 வரைதான். எம்.ஜி.ஆர். எதிரே உட்கார்ந்திருந்த ஆண்டுகள் அவை.

எங்கள் கருத்தைக் கேட்டால், 2001-க்குப் பிந்தைய எதிர்க்கட்சி ஆண்டுகள் அவருடைய சட்டமன்றக் கணக்கில் பலவீனமான பக்கம். உள்ளே உட்காரவிடாமல் ஆளுங்கட்சி நடத்தியது என்பது கட்சியின் பதில். ஆனாலும் அவையில் பேசியிருக்க வேண்டியவை அறிக்கைகளாகவே வெளியே வந்தன. அறிக்கைக்கு மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா? 2016-க்குப் பிறகு அவர் வரவே இல்லையே, பதவி எப்படி நீடித்தது?
– வாசகர், தென்காசி

190-வது பிரிவின் 4-வது உட்பிரிவு: அவையின் அனுமதி இல்லாமல் 60 நாட்களுக்கு எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், அவை அந்த இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். 'அறிவிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, பதவி தானாகப் போய்விடாது. இந்த 60 நாளை எண்ணுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலம் கணக்கில் வராது. தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஒத்திவைத்தால் அந்தக் காலமும் வராது. சனி, ஞாயிறு போன்ற சிறு இடைவெளிகள் கணக்கில் சேரும். நடுவில் ஒரே ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

2016 இறுதியில் கருணாநிதியின் உடல்நிலை மோசமாகி, தொண்டையில் குழாய் பொருத்தும் நிலை வந்தது. அதன் பிறகு பேரவைக்கு வர இயலவில்லை. அவை தீர்மானம் போட்டு அவருக்கு விலக்கு அளித்தது. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 1989-லிருந்து இரு கட்சிகளும் ஒருவரையொருவர் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

1989 மார்ச் 25 அன்று பேரவையில் உண்மையில் நடந்தது என்ன?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

இரு தரப்பும் ஒப்புக்கொள்வது: நிதித் துறையை வைத்திருந்த முதல்வர் கருணாநிதி பட்ஜெட் படிக்க எழுந்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா ஆட்சேபம் எழுப்பினார். கைகலப்பு மூண்டது, கருணாநிதியின் கண்ணாடி பறந்தது. ஜெயலலிதா கலைந்த தலையோடு வெளியே வந்தார். தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றார் அவர். அப்படி நடக்கவே இல்லை என்பது தி.மு.க.வின் நிலை. இன்றுவரை இரண்டு கூற்றும் அப்படியே நிற்கின்றன. முதல்வராகத்தான் திரும்ப வருவேன் என்று போனவர், 1991 ஜூனில் முதல்வரானார்.

பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் கொண்டுவந்தவர் கலைஞர் என்கிறார்கள். 1987-ல் திருமணமான எனக்கு அதில் பங்கு உண்டா?
– வாசகி, கும்பகோணம்

செங்கல்பட்டில் 1929-ல் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபது ஆண்டு கழித்து அது தமிழ்நாட்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமானது. சட்டம் 1990-ன் 1-வது எண். நடைமுறைக்கு வந்த நாள் 1989 மார்ச் 25. ஆமாம், மேலே சொன்ன அதே நாள்.

அந்தச் சட்டத்தின்படி மட்டும் பார்த்தால் உங்களுக்குப் பங்கு இல்லை. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தத் திருமணத் தடையை எடுத்துவிட்டது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் நிராகரித்தது. ஆகவே இன்று கேட்கலாம்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைக் கிளற முடியாது. முதலில் வில்லங்கச் சான்று போட்டு, அப்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, இந்த உரிமை பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்திருந்தால் மகளுக்கும் சம பங்கு உண்டு. மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மேலவையைத் திரும்பக் கொண்டுவர அவர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்? ஏன் முடியவில்லை?
– வாசகர், ஈரோடு

எம்.ஜி.ஆர். ஒழித்ததை மீட்பது கௌரவப் பிரச்சினையாகவும் இருந்தது, தேர்தலில் நிற்க இயலாத கட்சி முன்னோடிகளுக்கும் கவிஞர்களுக்கும் இடம் தேவையாகவும் இருந்தது. வழி இதுதான்: பேரவை, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோடும் வந்து வாக்களிப்பவரில் மூன்றில் இரண்டு பங்கோடும் தீர்மானம் போட வேண்டும் (169-வது பிரிவு). பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். சிக்கல் இரண்டாவது படியில். 1989-ல் தீர்மானம் போட்டார். மசோதா மாநிலங்களவையைத் தாண்டியது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது. அடுத்து வந்த ஜெயலலிதா ஆட்சி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 1996-ல் மறுபடி தீர்மானம், மறுபடி ஆட்சி மாற்றம், மறுபடி வாபஸ். 2010-ல்தான் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. மொத்தம் 78 இடம்: எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பது 26, உள்ளாட்சி 26, பட்டதாரிகள் 7, ஆசிரியர்கள் 7, நியமனம் 12. வாக்காளர் பட்டியல் தொடர்பான வழக்குகளில் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2011 ஜூனில், புதிதாக வந்த ஜெயலலிதா அரசு மேலவையே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது.

ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகம்?
– வாசகர், திருத்தணி

2010 மார்ச் 13-ல் திறப்பு. 2011-ல் பேரவை கோட்டைக்கே திரும்பியது. 2014 முதல் அது பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை.

அவருடைய சட்டமன்றப் பேச்சுகளை மூலத்திலேயே படிக்க வேண்டும். எங்கே கிடைக்கும்?
– முனைவர் பட்ட மாணவி, திருச்சி

பேரவை நடவடிக்கைக் குறிப்புகளின் அச்சுத் தொகுதிகள் கோட்டையில் உள்ள பேரவை நூலகத்தில் இருக்கின்றன. எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும். 1957 தொகுதிகள் சென்னை மாநிலம் என்ற பெயரில் இருக்கும், 1969-க்குப் பிறகுதான் தமிழ்நாடு.

தேதி தெரியாமல் போனால் நாள்கணக்கில் புரட்ட வேண்டியிருக்கும். முதலில் அன்றைய நாளிதழ்களில் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த விவாதம் என்பதும் தெரிய வேண்டும்: ஆளுநர் உரை, பட்ஜெட் பொது விவாதம், மானியக் கோரிக்கை, கவன ஈர்ப்பு. மானியக் கோரிக்கை என்றால் துறையின் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எதிர்க்கட்சியில் இருந்த ஆண்டுகளின் சுவையான பகுதிகள் வெட்டுத் தீர்மானங்களின் மீதுதான் வரும். நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் அந்தத் துறையையே உரித்துவைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள் அச்சில் இராது. பத்திரிகைச் செய்தியும் தொகுதியும் ஒத்துப்போகாத இடங்களில் ஆய்வேட்டில் இரண்டையும் காட்டிவிடுங்கள்.